ஒரு கேத வீடும் இரண்டு லாரி பேண்டேஜும்

சென்ற ஆண்டு ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து, கூட்டமெல்லாம் கலைந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்திருந்த வாரம் அது. நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் சில ஊர்களில் தெருவுக்குத் தெரு தறிதான். நீங்கள் எங்காவது விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு டாக்டரிடம் போனால், அவர் சுற்றிவிடுகிற துணி எங்கள் தறிகளில் நெய்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் எங்களுக்கு ஆர்டர் கூடும். அதில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கம்பெனியில் என் வேலைக்குத் தனியாகப் பெயர் கிடையாது. மெயிலுக்குப் பதில் போடுவது, துணியின் தரம் பார்ப்பது, வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் கூடவே அலைந்து காரமில்லாத சாப்பாடு தேடிக் கொடுப்பது, எல்லாம் என் தலையில்தான். முதலாளி நல்ல மனிதர். ஆனால் இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் தாண்டினால் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

அந்த வாரம் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் ஜோர்டான் தலைநகர் அம்மானில் வசிக்கும் பாலஸ்தீனப் பெண். தலையில் முக்காடு, நல்ல உயரம், நடையில் எப்போதும் ஓர் அவசரம். காசாவில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தும் துணியும் வாங்கி அனுப்புகிற ஒரு சின்னக் குழுவுக்காக வந்திருந்தார். இன்னொருவர் இஸ்ரேலிலிருந்து வந்த யூதப் பெண். குட்டையாக வெட்டிய நரை முடி, முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி. அங்கே ஆஸ்பத்திரிகளுக்குச் சப்ளை செய்யும் ஒரு கம்பெனிக்காகத் துணி வாங்க வந்தவர். எங்கள் தறிக்காரர்கள் பார்த்த அன்றைக்கே ஒருவருக்கு நெட்டையம்மா, இன்னொருவருக்குக் கண்ணாடியம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் இங்கே அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

முதல் நாளே நான் ஒரு காரியம் செய்தேன். நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். வெளியூர் பஸ்ஸில் நம் பக்கத்து ஆள் ஒருவரைப் பார்த்துவிட்டால் நமக்குப் போதும். எந்தத் தெரு, யார் வீடு என்று ஆரம்பித்து, இறங்குவதற்குள் உறவே கண்டுபிடித்துவிடுவோம். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். செய்தி பார்க்காதவள் இல்லை நான். ஆனாலும் மேப்பில் பார்த்தபோது இருவர் ஊருக்கும் நடுவில் இங்கிருந்து கோயம்புத்தூர் தூரம்கூட இல்லை. தெரியாத ஊரில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தது என்றுதான் தோன்றியது. கண்ணாடியம்மா உட்கார்ந்திருந்த அறைக்குள் நெட்டையம்மாவைக் கூட்டிப் போய், வாயெல்லாம் பல்லாக, “உங்க ஊர்க்காரங்க வந்திருக்காங்க!” என்று இங்கிலீஷில் அறிவித்தேன்.

நெட்டையம்மா என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “இவங்க என் ஊர்க்காரங்க இல்லை. என் தாத்தாவைத் துரத்திட்டு, அவரோட ஊர்ல இப்போ இவங்க இருக்காங்க. அவ்வளவுதான்.” கண்ணாடியம்மா முகம் சிவந்துவிட்டது. என் அக்கா மகனைச் சண்டையில் பறிகொடுத்தவள் நான், இதையெல்லாம் கேட்க எனக்குத் தெம்பில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் கொண்டுவந்து வைத்த இரண்டு காப்பியும் ஆறி ஆடை கட்டியது.

“ஏம்மா, உன்னைய யாரு சொந்தங் கொண்டாடச் சொன்னா?” என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். இருவருக்கும் ராஜபாளையத்தில் ஒரே லாட்ஜில் அறை போட்டிருந்தோம். நெட்டையம்மா அங்கே இருக்க முடியாது என்றார். தேர்க் கூட்டம் அப்போதுதான் வடிந்திருந்ததால் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் பக்கம் ஓர் அறை கிடைத்தது. அன்றிலிருந்து இரண்டு கார், இரண்டு சாப்பாடு, இரண்டு நேரம் என்று என் பொழுது போனது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பெரிய சிக்கல் துணியில் இருந்தது. நெட்டையம்மாவின் ஆர்டர் பாதிதான் நெய்திருந்தது. அம்மானிலிருந்து லாரிகள் எல்லை தாண்டிப் போக ஒரு சில நாட்களுக்கு மட்டும் அவர் குழுவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. அதற்குள் துணி அங்கே இருந்தாக வேண்டும். தவறினால் அடுத்த அனுமதி எப்போது, கிடைக்குமா கிடைக்காதா என்பது யாருக்கும் தெரியாது. கப்பலுக்கு நேரமில்லை, கொச்சிக்குக் கொண்டுபோய் விமானத்தில் ஏற்ற வேண்டும். அங்கே கழற்றிய துணியையே துவைத்துக் கொதிக்கவைத்து மறுபடி கட்டுகிறார்கள் என்று அவர் சொன்னார்.

இன்னொரு பக்கம், எங்கள் குடோனில் வெளுத்து உலர்த்திய துணி கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது. வெட்டி ரோல் போட வேண்டியதுதான் பாக்கி. அது கண்ணாடியம்மாவுக்கு உரியது. தூத்துக்குடியில் அதற்குக் கப்பல் நாளும் குறித்தாகிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே ரகத் துணிதான், வெட்டுகிற அகலம் மட்டும்தான் வேறு. அவர் மனது வைத்தால் அந்தத் துணியை இவருக்கு அனுப்பிவிட்டு, இவர் துணி நெய்து முடிந்ததும் அவருக்கு அனுப்பலாம். இதைச் சொல்ல ஒரு பெரிய மூளை வேண்டியதில்லை.

கேட்டுப் பாருங்களேன் என்று நெட்டையம்மாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். அவர்களிடம் நான் எதையும் கேட்க மாட்டேன், தறி ஓடட்டும் என்றார். கண்ணாடியம்மாவிடம் போனேன். கேட்காதவருக்கு நான் எப்படிக் கொடுப்பது, அதுவும் அது என் சொந்தத் துணியா என்றார். எனக்கு வந்த எரிச்சலில் இரண்டு பேர் தலையையும் சேர்த்து முட்டவிடலாம் போல இருந்தது. வீட்டுக்குப் போய் என் பிள்ளைகளிடம்தான் அந்தக் கோபத்தைக் காட்டினேன்.

தறி ஓடும்வரை நம்பிக்கை இருந்தது. நெட்டையம்மாவின் துணி பெரும்பாலும் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு தெருவில், ஒரே வீட்டுத் தறிகளில்தான் ஓடியது. அந்த வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். முந்தின நாள் மாலைகூட நெட்டையம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, முடித்துவிடுவேன் என்று சைகை காட்டினார். மறுநாள் காலை, கண்ணாடியம்மாவும் தறி பார்க்க வேண்டும் என்றதால், இரண்டு காரும் பத்து நிமிஷ இடைவெளியில் அந்தத் தெருவுக்கு வந்தன. இறங்கியதுமே எனக்கு என்னவோ சரியில்லை என்று தெரிந்தது. தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தடதடப்பில் வளர்ந்தவளுக்கு அது நின்றால் காது அடைத்துப் போன மாதிரி இருக்கும்.

அந்த வீட்டுக்காரர் விடியற்காலம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை அந்தத் தெருவில் எந்தத் தறியும் ஓடாது. எந்த ஆர்டராக இருந்தாலும் ஓடாது. இறந்தவர் வீட்டுத் தறி பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை நின்றே இருக்கும். இதை நெட்டையம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துப் போனேன். காரியம் முடிவதற்குள் அவருடைய அனுமதி நாளெல்லாம் போய்விடும். சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு காரில் சாய்ந்து நின்றார். பிறகு, “அந்த வீட்டுக்குப் போகலாமா? போகாமல் திரும்பினால் தப்பு” என்றார்.

அப்போதுதான் பின்னால் கண்ணாடியம்மா நின்றிருந்ததைப் பார்த்தேன். நானும் வருகிறேன் என்றார். கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. எங்கள் பக்கம் துக்கம் விசாரிப்பதைக் கேதம் கேட்பது என்போம். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கள்கூடக் கேதத்துக்கு வருவதைத் தடுக்க மாட்டோம்.

நடந்துகொண்டே இருவருக்கும் முறை சொன்னேன். யாருக்கும் வணக்கம் சொல்லாதீர்கள். ‘வாங்க’ என்று யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். கண்ணாடியம்மா நின்றுவிட்டார். எங்களிடமும் துக்க வீட்டில் வணக்கம் சொல்ல மாட்டோம், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசவும் மாட்டோம் என்றார். அந்த நேரம் அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் பெரிய தூக்கில் கடுங்காப்பி கொண்டு போனார்கள். அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்களா என்று நெட்டையம்மா கேட்டார். மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் சாப்பாடு கொடுப்பார்கள் என்றேன்.

“எங்களிடமும்” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில். அத்தனை நாளில் முதல் முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

வாசலில் பந்தல் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வருகிற ஆண் ஒவ்வொருவரும் இரண்டு கைகளையும் நீட்ட, இறந்தவரின் மகனும் தம்பிமாரும் வரிசையாக அந்தக் கைகளைத் தொட்டார்கள். ஒரு வார்த்தை கிடையாது. ஆண்கள் அப்படித்தான் கேதம் கேட்பார்கள். பெண்கள் நாங்கள் உள்ளே போய்க் கட்டிப் பிடித்து அழுவோம். கண்ணாடியம்மா பந்தலில் கொஞ்ச நேரம் நின்று, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் தோளைத் தொட்டு உள்ளே கூட்டிப்போனேன்.

உள்ளே பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். தரையில் உட்கார்ந்தோம். கையில் கடுங்காப்பி டம்ளர் வந்தது. எங்கள் ஊரில் துக்கத்துக்குக் கொடுக்கும் காப்பியில் சர்க்கரைகூடப் போட மாட்டோம் என்று நெட்டையம்மா என் காதில் சொன்னார். சொல்லும்போதே அவர் அழ ஆரம்பித்தார். பிறகு கண்ணீர் நிற்கவே இல்லை. எதிரே இருந்த பக்கத்து வீட்டுப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேதத்தில் அழுகிற பெண் இறந்தவருக்காக மட்டும் அழுவதில்லை என்பது எங்கள் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

“ஏக்கா, இந்தம்மாவுக்கு யாரு தவறிட்டாக? கேளுங்க” என்றாள் என்னிடம்.

கேட்டேன். தம்பி என்றார் நெட்டையம்மா. தம்பியும் தம்பி பிள்ளைகளும். காசாவில் குண்டு விழுந்து அவர்கள் வீடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. அக்கம்பக்கத்தார்தான் அவசர அவசரமாக அடக்கம் செய்தார்கள். இவர் அம்மானில் இருந்துகொண்டு போனில் பார்த்தார். வீட்டுக்குத் துக்கம் கேட்க ஆட்கள் வந்தபோதும் இவர் உட்காரவில்லை, மருந்து தேடி யார் யாருக்கோ போன் பேசிக்கொண்டே இருந்தாராம். “அவனுக்காக நான் இன்னும் ஒரு நாள்கூடத் துக்கத்துக்கு உட்காரவில்லை” என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அறை முழுக்க அழுகைச் சத்தம் எழுந்தது. யாரோ ஒருத்தி வந்து அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் விடவில்லை. கண்ணாடியம்மா பக்கம் திரும்பி, “உங்களுக்கு யாரும்மா?” என்றாள்.

கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அக்கா மகன் என்றார். தூக்கி வளர்த்த பிள்ளை. சண்டை ஆரம்பித்த அன்றைக்கே போய்விட்டான். அக்கா அதற்கப்புறம் யாரோடும் பேசுவதில்லை. அவருடைய அம்மா, ஐரோப்பாவில் யூதர்களை அடைத்துக் கொன்ற முகாமிலிருந்து, ஒரு பெரிய குடும்பத்தில் தன்னந்தனியாக உயிரோடு வெளியே வந்த சிறுமி. “அதனால எங்க வீட்டில் ஒரு சாவுன்னா அது ஒரு சாவா இருக்கிறதில்லை” என்றார். கட்டிலுக்கு அடியில் எப்போதும் துணிமணி அடுக்கிய ஒரு பெட்டி இருக்கும், எந்த நேரமும் ஓட வேண்டிவரும் என்று அம்மா சாகும்வரை அதை எடுக்கவிடவில்லை என்றார்.

தோளில் சாய்ந்திருந்த நெட்டையம்மா தலையை நிமிர்த்தினார். “எங்க வீட்டில் அந்தப் பெட்டி கதவுக்குப் பின்னால் இருக்கும்” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. கண்ணாடியம்மா எழுந்து, நெட்டையம்மா முன்னால் வந்து மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினார். வாசலில் ஆண்கள் நீட்டியதைப் பார்த்தாரே, அதே போல. எங்கள் பக்கம் பெண்கள் அப்படிச் செய்வதே கிடையாது. ஆனால் அந்த அறையில் ஒருத்திகூட அதைத் திருத்தவில்லை. நெட்டையம்மா அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொட மாட்டார் என்றுதான் நினைத்தேன், தொடாவிட்டாலும் அவரைக் குறை சொல்ல முடியாது என்றும் நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து அவர் தன் விரல் நுனிகளை அதன்மேல் வைத்தார். பிறகு தன் கைகளையும் நீட்டினார். அந்த அக்கா மகனுக்காக. கண்ணாடியம்மா அவற்றைத் தொட்டதோடு விடவில்லை, பிடித்துக்கொண்டு அதிலேயே முகத்தைப் புதைத்துவிட்டார்.

மாலையில் எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். குழாயடியில் கால் கழுவினேன். எனக்கு முன்னாலேயே கண்ணாடியம்மா ஒரு குவளை வாங்கி, மாற்றி மாற்றிக் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர்களிடமும் அடக்கம் முடிந்தால் கை கழுவ வேண்டுமாம். ஈரக் கையால் பக்கத்தில் நின்ற நெட்டையம்மாவைக் காட்டி என்னிடம், குடோனில் இருக்கும் துணியை இவர்கள் அளவுக்கு வெட்ட எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் நெட்டையம்மா, “நான் கேட்கவில்லையே” என்றார்.

“துக்க வீட்டுக்காரங்க கேட்டா பக்கத்து வீட்டுக்காரங்க சோறு கொண்டுவராங்க?” என்றார் கண்ணாடியம்மா.

நெட்டையம்மா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டி எங்கே என்று கேட்டார். அன்று ராஜபாளையத்துக்கு இருவரும் ஒரே காரில்தான் வந்தார்கள்.

நல்ல மனது வந்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா? கண்ணாடியம்மா எங்கள் ஆபீஸ் வராந்தாவில் நடந்துகொண்டே அவர் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை, ஆனால் சண்டை எந்த மொழியிலும் புரியும். கடைசியில், கப்பல் நாளுக்குள் அவர்களுக்கும் துணி வந்துவிட வேண்டும், வராவிட்டால் இனி எங்களிடம் ஆர்டர் கிடையாது, அவருக்கும் வேலை கிடையாது என்ற நிபந்தனையோடு சம்மதம் வந்தது. முதலாளிக்கு வியர்த்துவிட்டது. துணி நெய்ய வேண்டிய வீட்டில்தானே சாவு. அந்தத் தறிகளில் ஏற்றிய பாவு, அதாவது நீளவாக்கில் சுற்றிய நூல், பாதி நெய்த நிலையில் அப்படியே நிற்கிறது.

மறுநாள் காலை அந்த வீட்டம்மாவிடமிருந்து எனக்கு ஆள் வந்தது. பயந்துகொண்டே போனேன். அழுது அழுது குரல் போயிருந்தது அவருக்கு.

“ஏட்டி, அவிய ஏத்துன பாவு பாதியில நிக்குதுல்லா. நான் தறியை ஓட்டப்பிடாது. தெருவுல உள்ளவுக எடுத்துட்டுப் போயி ஓட்டட்டும். அந்த ரெண்டு அம்மா ஊருலயும் ரத்தத்தோட நிப்பாகளே, பதினாறு வரைக்கும் பொறுப்பாகளா?”

அது போதும். கொஞ்ச நேரத்தில் தெருவே அந்த வீட்டு வாசலில் நின்றது. பாவு சுற்றிய உருளைகளை ஆளுக்கொரு பக்கம் தோளில் தாங்கி, ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோனார்கள். யார் வீட்டுக்கு எது என்று சண்டைகூட வந்தது, எனக்கு வேண்டாம் என்றல்ல, எனக்கு ஏன் தரவில்லை என்று. “நாங்க என்ன செத்தா போயிட்டோம்? எங்களுக்கும் ஒரு உருளை தாங்க” என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். முதலில் ஒரு வீட்டில் சத்தம் எழுந்தது, பிறகு எதிர்வீட்டில், பிறகு தெரு முழுக்க. அந்தத் தடதடப்பை நான் அன்றைக்குப் போல் என்றைக்கும் ரசித்ததில்லை.

இங்கே கம்பெனியில் வெட்டுகிற வேலை. தையல்காரப் பெண்கள், பேக்கிங் பெண்கள், லீவில் இருந்தவர்கள், எல்லோரும் வந்துவிட்டார்கள். இரண்டு விருந்தாளிகளும் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு மேஜைக்கு வந்தார்கள். நெட்டையம்மா ஒரு ரோல் சுற்றுவதைப் பார்த்ததும் வேலையைப் பிடித்துக்கொண்டார், இறுக்கமாக, அழகாகச் சுற்றினார். கண்ணாடியம்மா சுற்றியது தொளதொளவென்று அவிழ்ந்தது. “என்னம்மா இது, பேண்டேஜா தாவணியா?” என்று ஒருத்தி கேட்க, நான் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் சிரித்த சிரிப்பில் மறுபடி ஒரு ரோல் அவிழ்ந்தது. நெட்டையம்மா அதை வாங்கி மறுபடி சுற்றி வைத்தார். முதலாளி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெட்டி தூக்கினார். அவரைப் பனியனோடு பார்த்தது நாங்கள் அன்றுதான்.

கொச்சிக்குப் போகும் லாரி மதிய வெயிலில் கிளம்பியது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அது நசுங்கி வண்டி நகர்ந்ததும் எங்கள் பெண்கள் யாரும் சொல்லாமலே குலவை போட்டார்கள். அடுத்த நொடி எனக்குப் பின்னாலிருந்து, எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுவது போல இன்னொரு குலவை எழுந்தது. திரும்பினால், நெட்டையம்மா! தலையை நிமிர்த்தி, நாக்கைச் சுழற்றி, மூச்சு விடாமல் போட்டார். அவர்கள் கல்யாண வீடுகளில் அப்படித்தானாம். தம்பி போனதிலிருந்து வாயில் வரவே இல்லையாம். எங்கள் பெண்கள் விடுவார்களா? போட்டிக்குப் போட்டி போட்டார்கள். கண்ணாடியம்மாவும் முயற்சி செய்தார், இருமல்தான் வந்தது. ரோட்டில் போன மினிபஸ் நின்று, உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். “எங்களுக்குத்தான்!” என்று எங்கள் பேக்கிங் பெண் ஒருத்தி கத்தினாள்.

தூத்துக்குடிக் கப்பலுக்குக் கண்ணாடியம்மாவின் சரக்கும் சரியான நாளில் போய்விட்டது. தெரு சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

கிளம்புவதற்கு முன்னால் இருவரையும் ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிப்போனேன். ஆண்டாள் கோயில் கோபுரத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு, கடையில் சூடான பால்கோவா வாங்கி வாழை இலைத் துண்டில் வைத்துச் சாப்பிட்டோம். இருவரும் கட்டிப் பிடித்துச் சமாதானமாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அந்த மண் யாருடையது என்று அங்கேயும் பேச்சு வந்தது. சூடாகவும் போனது. “உன் தாத்தாவுக்கு நடந்தது எனக்குத் தெரியாமல் வளர்த்தார்கள்” என்று கண்ணாடியம்மா சொன்னார். “உன் அம்மாவுக்கு நடந்ததை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை” என்றார் நெட்டையம்மா. ஒன்றும் தீரவில்லை. ஆனால் யாரும் எழுந்து போகவும் இல்லை. இன்னும் கால் கிலோ வாங்கு என்று என்னிடம் சொன்னது யார் என்று இப்போது நினைவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலை, இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “உள்ளே போயிடுச்சு! எல்லா லாரியும் உள்ளே போயிடுச்சு! ஆஸ்பத்திரியில் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்!” என்று அந்தப் பக்கம் கத்தல். கரண்டியைப் போட்டுவிட்டு நானும் கத்தினேன். வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். ஒரு நிமிஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, போனில் இருந்தது கண்ணாடியம்மா. எல்லையில் நின்றிருந்த நெட்டையம்மா முதலில் அவருக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார். இவ்வளவு அலைந்த எனக்கு இரண்டாவது போன்தானா என்று ஒரு சின்னப் பொறாமைகூட வந்தது. அது அப்படியே கண்ணில் நீராக இறங்கிவிட்டது.

இப்போதும் டிவியில் அந்த ஊர்ச் செய்தி ஓடும்போது, இது தீரவே தீராது என்று வீட்டில் யாராவது சொன்னால் நான் வாதாடுவதில்லை. நல்ல செய்தி வந்த அன்று ஒரு பாலஸ்தீனப் பெண் முதலில் தேடிய நம்பர் ஒரு யூதப் பெண்ணுடையது, அதை என் காதால் கேட்டவள் நான் என்று மட்டும் சொல்லிவிட்டு, நிமிர்ந்து நடந்து வேலைக்குப் போகிறேன்.